ஒதுக்கி வைத்த இசைத்தட்டை மறுபடி கேட்பது எப்படி: 'டாசில் ஷிப்ஸ்' வழியாக ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில், இடது ஓரமாக, இருபது வருஷம் ஒரு இசைத்தட்டு நின்றுகொண்டிருந்தது. 2003-ல் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள். அங்கே கணக்குப்பிள்ளையாக இருந்த என் தாய்மாமா போன் செய்தார்: "பாட்டுத் தட்டு ஒரு பெட்டி நெறைய கெடக்குது கண்ணு, வேணும்னா வந்து எடுத்துக்க." 600 ரூபாய் கொடுத்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் பஸ்ஸில் இறங்கி சேலம் வந்து சேர்ந்தேன்.

அந்தப் பெட்டியில் இருந்த ஒன்றுதான் 'டாசில் ஷிப்ஸ்'. ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் தி டார்க், சுருக்கமாக ஓஎம்டி என்ற இங்கிலாந்துக் குழு 1983 மார்ச்சில் வெளியிட்ட ஆல்பம். அன்று ராத்திரியே போட்டுப் பார்த்தேன். இரண்டு பாட்டு பிடித்தது. மற்றதெல்லாம் ரேடியோ இரைச்சல், மணி சொல்லும் குரல்கள், கப்பல் சத்தம். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து அந்த இரண்டை மட்டும் சில தடவை கேட்டேன். அப்புறம் அது அலமாரிக்குப் போனதுதான்.

போன ஐப்பசி மழையில் மறுபடி எடுத்தேன். இப்போது வாரம் ஒருமுறையாவது அதைப் போடாமல் இருக்க முடியவில்லை. தட்டில் எதுவும் மாறவில்லை, நான் கேட்கிற விதம் மாறியது. அதை எப்படிச் செய்தேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் அலமாரியில் இருப்பது வேறு தட்டாக இருக்கும், கேசட்டாகக்கூட இருக்கலாம். வழி ஒன்றுதான்.

முதல் படி: எந்தத் தட்டு?

எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பதற்காக மட்டும் ஒரு தட்டை எடுக்க வேண்டாம். மறக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை சுமாரானவைதான். நான் பார்க்கும் அடையாளம் வேறு. அதில் ஒன்றிரண்டு பாட்டு இன்றும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். மீதி ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் சரியான பதில் சொல்லத் தெரியக்கூடாது. 'ஏதோ சத்தமா இருந்துச்சு' என்ற அளவில்தான் ஞாபகம் இருந்தால், நீங்கள் அதை இன்னும் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்றும் பார்ப்பேன். அந்தத் தட்டு வெளிவந்தபோது எதற்காக ஒதுக்கப்பட்டது? 'டாசில் ஷிப்ஸ்' கதை தெளிவானது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் விர்ரல் பகுதியில் வளர்ந்த ஆண்டி மெக்ளஸ்கியும் பால் ஹம்ஃப்ரீஸும் 1978-ல் தொடங்கிய குழு ஓஎம்டி. 1981-ல் வந்த அவர்களின் மூன்றாவது ஆல்பம் 'ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி' முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. அதிலிருந்து தனித்தட்டாக வந்த மூன்று பாட்டுகளும் பிரிட்டன் தரவரிசையில் முதல் ஐந்துக்குள் ஏறின. அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று எல்லோரும் காத்திருந்தபோது, சிற்றலை ரேடியோ ஒலிகளையும் பேசும் பொம்மையின் குரலையும் கோத்து இதைக் கொண்டுவந்தார்கள். ஆல்பம் தரவரிசையில் ஐந்தாம் இடம் வரை வந்தது உண்மைதான். ஆனால் முதல் தனிப்பாட்டு 20-வது இடத்தோடும், இரண்டாவது 42-வது இடத்தோடும் நின்றன. விற்பனை முந்தையதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது.

ஆக, இது ஒதுக்கப்பட்டது மோசமாகச் செய்யப்பட்டதால் இல்லை. வேறொன்றை எதிர்பார்த்தவர்கள் கைக்கு இது போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு காரணம் கிடைத்தால் தைரியமாக எடுங்கள்.

இரண்டாம் படி: பூஞ்சையும் தூசியும்

இதை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். பழைய தட்டைப் பற்றி நாம் சொல்லும் குறைகளில் பாதி அழுக்கினால் வருவதுதான்.

சேர்வராயன் மலையில் பல வருஷம் இருந்த தட்டுகளை நான் பார்த்த உடனே சொல்லிவிடுவேன். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். காபிக் கொட்டையைக் காய வைக்கவே அங்கே படாத பாடு. அட்டை உறைகளைக் கேட்க வேண்டாம். தட்டின்மேல் வெள்ளையாக, சிலந்திக் கூடு போலப் பூஞ்சை கிளை விட்டிருக்கும். பயப்பட வேண்டாம். பூஞ்சை வாழ்வது பெரும்பாலும் விரல் பட்ட எண்ணெயிலும் தூசியிலும் உறைக் காகிதத்திலும்தான். தட்டு செய்த வினைல் பிளாஸ்டிக்குக்குள் ஆழமாக இறங்கியிருக்காது, கவனமாகக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

முதலில் முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலிலோ மொட்டை மாடி நிழலிலோ உட்காருங்கள். பூஞ்சைத் தூளை வீட்டுக்குள் தட்டக்கூடாது. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மேலாகத் துடையுங்கள். அப்புறம் கரைசல்: நான்கு பங்கு டிஸ்டில்டு வாட்டர், ஒரு பங்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. டிஸ்டில்டு வாட்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் இருக்கும் உப்பு காய்ந்ததும் பள்ளங்களுக்குள் வெள்ளையாகத் தங்கி, ஊசி போகும்போது சடசடக்கும். கையில் தடவும் சானிடைசரும் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும்.

நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையாமல் ஒரு டப்பா மூடியால் மூடிக்கொள்ளுங்கள். மைக்ரோஃபைபர் துணியைக் கரைசலில் நனைத்து, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே இழுக்கக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு தடவை. நிழலில் நிற்க வைத்து உலர விடுங்கள். சேலம் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தாலும் தட்டு வளைந்துவிடலாம். சித்திரை மாதம் காருக்குள் விட்ட ஒரு தட்டு அப்பளம் போல ஆனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முக்கியமான எச்சரிக்கை: தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகளில் இந்தக் கரைசல் பட்டுவிடக் கூடாது. அவை அரக்கில் செய்தவை, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

என் தட்டில் பூஞ்சை முதல் பக்கத்தின் ஓரத்தில்தான் அதிகமாக இருந்தது. அதாவது முதல் பாட்டின் மேல். இருபது வருஷம் முன்னால் நான் கேட்ட இரைச்சலில் எவ்வளவு அவர்கள் செய்தது, எவ்வளவு மலை செய்தது என்று பிரித்துப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. கழுவிய பிறகுதான் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன.

பழைய உள்ளுறையைத் தூக்கிப் போடாமல் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். தட்டுக்குப் புது பாலித்தீன் உள்ளுறை போடுங்கள்.

மூன்றாம் படி: ஊசியும் வேகமும்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசி பழையதென்றால் மாற்றுங்கள். ஊசி அழுத்தும் எடை, கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சின்னத் தலைப்பகுதி) செய்தவர்கள் சொன்ன அளவில் இருக்கட்டும். இன்றைய சாதாரண மேக்னட் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை இருக்கும். பெட்டி போல மடிக்கும் மலிவான பிளேயர்களில் ஐந்து கிராம் வரை அழுத்தும் செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் உண்டு. அவற்றில் நல்ல தட்டைப் போட வேண்டாம் என்பது என் கருத்து.

வேகத்துக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் வட்டத்தை (வேகம் பார்க்கும் அட்டை) தட்டின்மேல் வைத்து, நேராக மின்சாரத்தில் எரியும் பழைய குண்டு பல்ப் அல்லது பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில் சுழல விடுங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சரியாக இருக்கிறது. பல எல்இடி பல்புகளில் இது வேலை செய்யாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த பழைய ஏசி மோட்டார் டர்ன்டேபிள் என்றால் கட்டாயம் சோதியுங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வகை மோட்டார் இங்கே சுமார் 28 சுற்றுதான் சுற்றும். பாட்டெல்லாம் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருக்கும்.

நான்காம் படி: ஒன்றும் படிக்காமல் முழுசாக ஒரு தடவை

இணையத்தில் தேடாதீர்கள். உறையின் பின்பக்கத்தைக்கூடப் பார்க்காதீர்கள். ஊசியை ஓரத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள். ஒரே ஒரு விதி: எந்தப் பாட்டையும் தாண்டக்கூடாது.

'டாசில் ஷிப்ஸ்' மொத்தமே 35 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்துக்குப் பதினாறு, பதினெட்டு நிமிஷம். சேலத்தில் இருந்து ஏற்காடு அடிவாரம் போய்த் திரும்பும் நேரம்கூட ஆகாது. அந்த நேரத்தை ஒதுக்க முடியாத நாளென்றால் இன்னொரு நாள் செய்யுங்கள், பாதியில் விடாதீர்கள்.

நான் கோரிமேட்டில் இருக்கிறேன். பகலில் மெயின் ரோட்டுச் சத்தம் ஓயாது. ராத்திரி பத்தரைக்கு மேல்தான் போட்டேன். வெளியே மழை. முதல் சத்தம் எக்காளம் போல எழுந்தது, ஏதோ ஒரு வானொலி நிலையத்தின் அடையாள இசை. அதை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. கேட்டிருக்க வழியில்லை என்றும் தெரியும். அந்தக் குழப்பம் முடிவதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. முதல் தடவை கேட்கும்போது இப்படி ஒரு குழப்பம் வந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், உடனே தீர்க்கப் பார்க்காதீர்கள். எனக்கு அதற்கு விடை மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

ஐந்தாம் படி: உறையைப் படிப்பது

இப்போது உறையைக் கையில் எடுங்கள். எல்பி உறையின் பெரிய வசதி, அது ஒரு அடி சதுரம். போன் திரையில் அந்தப் படத்துக்கு உயிர் இல்லை.

இந்த உறை பீட்டர் சாவில் வடிவமைத்தது. கோணல்மாணலாக வெட்டிப் போட்ட பட்டைகள். இருபது வருஷம் நான் இதை வெறும் நாகரிக வடிவம் என்றுதான் நினைத்தேன். இதற்குப் பின்னால் ஒரு உண்மைக் கதை இருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கடலில் கப்பலை ஒளித்து வைக்க முடியாது. 1917-ல் நார்மன் வில்கின்சன் என்ற ஓவியர் ஒரு யோசனை சொன்னார்: ஒளிக்க வேண்டாம், குழப்புவோம். கப்பல் முழுக்க கறுப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தீட்டினார்கள். பெரிஸ்கோப்பில் பார்ப்பவனுக்குக் கப்பல் தெரியும். ஆனால் அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று கணிப்பது கஷ்டம். அதைக் கணிக்காமல் குண்டு விட முடியாது. இதற்குப் பெயர்தான் டாசில். அந்த வேலையை மேற்பார்த்த எட்வர்ட் வாட்ஸ்வொர்த், லிவர்பூல் துறையில் நின்ற அப்படிப்பட்ட கப்பல்களை 1919-ல் ஓவியமாகத் தீட்டினார். ஆல்பத்தின் பெயரும் உறையும் அங்கிருந்து வந்தவை.

இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு ஆல்பத்தின் அடுக்கு புரிந்தது. இனிமையான மெட்டுகளின் குறுக்கே இரைச்சல் பட்டைகள். மெட்டு மறையவில்லை, கண் எதிரே இருக்கிறது. எந்தப் பக்கம் போகிறது என்றுதான் முதலில் பிடிபடாது.

ஆறாம் படி: தாளும் பேனாவுமாக இரண்டாம் தடவை

இந்தத் தடவை ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு எழுத வேண்டாம், காதில் விழுந்த ஒரு பொருளை எழுதுங்கள். மணி, தட்டச்சு, மூச்சு, தகரம், எதுவானாலும் சரி. நான் எழுதியதை விரித்துச் சொல்கிறேன்.

முதல் பக்கத்தில் 'ரேடியோ பிராக்'. ஒரு நிமிஷம் சொச்சம். அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் வெளிநாட்டு வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கும் முன் போடும் இசை. குழுவினர் எழுதியதே இல்லை, காற்றில் வந்ததைப் பிடித்து வைத்தது. தங்கள் ஆல்பத்தின் வாசலில் வேறொருவரின் இசையை வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அது பனிப்போர் காலம். இங்கிலாந்தில் உட்கார்ந்து இரும்புத் திரைக்கு அந்தப் பக்கத்தைச் சிற்றலையில் கேட்பவனின் அறைக்குள் நம்மைக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது 'ஜெனிட்டிக் இன்ஜினியரிங்'. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978-ல் கொண்டுவந்த 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்ற குழந்தைகள் பொம்மை, எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுக்கும் கருவி, இதில் பாடகர்களோடு சேர்ந்து சொற்களைச் சொல்கிறது. உலோகத்தில் செய்த குழந்தைக் குரல். மெட்டு துள்ளலாக இருப்பதால் அதைச் சுலபமாகக் கவனிக்காமல் விட்டுவிடலாம். நான் இருபது வருஷம் அப்படித்தான் விட்டிருக்கிறேன். இது நான் தூக்கித் தூக்கிக் கேட்ட இரண்டு பாட்டில் ஒன்று. முன்னால் 'ரேடியோ பிராக்' இல்லாமல் இதைக் கேட்பதும், அதற்குப் பிறகு கேட்பதும் ஒன்றில்லை. வானொலி நிலையம் ஒன்று அறிவிக்கும் எதிர்காலச் செய்தி போல இது இப்போது எனக்குக் கேட்கிறது.

'ஏபிசி ஆட்டோ இண்டஸ்ட்ரி', 'திஸ் இஸ் ஹெலெனா' இரண்டும் இரண்டு நிமிஷத் துண்டுகள். எண்ணும் குரல்கள், தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ஒரு பெண் குரல். இரண்டுக்கும் நடுவில் 'டெலிகிராஃப்', நான் விரும்பிய இன்னொரு பாட்டு. பக்கத்தின் கடைசியில் 'இன்டர்நேஷனல்'. ஒரு செய்தி வாசிப்போடு தொடங்குகிறது, நிகராகுவாவில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமை பற்றியது. அப்புறம் மெக்ளஸ்கி பாட ஆரம்பிக்கிறார். செய்தியைக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷனின் குரல் அது. இந்தத் தட்டில் எனக்கு மிக நெருக்கமானது இப்போது இதுதான். 2003-ல் இதை நான் ஒருமுறைகூட முழுசாகக் கேட்கவில்லை என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இங்கே ஒரு தொழில்நுட்பத் தகவல் உதவும். தட்டின் ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் அளவுக்கு ஓடும். லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒலியைப் பாதியை விடக் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கும். அதனால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் கொஞ்சம் கரகரப்பு வருவது இயல்பு. 'இன்டர்நேஷனல்' உங்களுக்குக் கரகரத்தால் பாட்டின்மேல் பழி போடாமல் ஊசியைச் சரிபாருங்கள்.

இரண்டாம் பக்கம் ஆல்பத்தின் பெயரையே கொண்ட துண்டில் தொடங்குகிறது. சோனார் ஒலி, எஞ்சின், கப்பலின் ஊதல். இதை ஒலிபெருக்கியிலிருந்து நான்கடி தள்ளி, அறை விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அது முடியும் இடத்தில் 'தி ரொமான்ஸ் ஆஃப் தி டெலஸ்கோப்' மெதுவாக எழும். இந்தப் பாட்டு 1981-லேயே வேறொரு தனித்தட்டின் பின்பக்கத்தில் வந்தது. தனியாகக் கேட்டால் அழகான சோகப் பாட்டு, அவ்வளவுதான். கப்பல் சத்தத்துக்குப் பிறகு வரும்போது கடல் முழுக்க இருட்டு, தூரத்தில் ஒரு வெளிச்சம் என்று மனதில் ஒரு காட்சியே விரிகிறது. பழைய பாட்டைக் கொண்டுவந்து சரியான இடத்தில் வைத்தார்கள், அதனாலேயே அது புதுப் பாட்டாகிவிட்டது. தட்டின் கடைசிப் பாட்டும் அப்படி முன்னாலேயே வந்த ஒன்றுதான். இன்னொரு பாட்டான 'ரேடியோ வேவ்ஸ்' ஓஎம்டிக்கு முன் அவர்கள் நடத்திய 'தி ஐடி' குழுவின் காலத்துப் பாட்டு. கைவசம் புதுப் பாட்டு போதாததால் செய்தது என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. வீட்டில் இருக்கிற காய்களை வைத்தும் அவியல் நன்றாக வரும், சேர்க்கிற பக்குவம் இருந்தால்.

'டைம் ஜோன்ஸ்' பற்றி அடுத்த படியில் சொல்கிறேன்.

ஏழாம் படி: சரியான ஆளோடு ஒரு தடவை

இந்தப் படியைத் தயவுசெய்து விடாதீர்கள். இசை தெரிந்த ஆள் வேண்டும் என்பதில்லை. அந்தத் தட்டில் இருக்கும் ஏதோ ஒரு பொருளோடு வாழ்ந்த ஆள் வேண்டும். தையல் பற்றிய பாட்டென்றால் தையற்காரர். என் தட்டு சிற்றலை ரேடியோ பற்றியது. அதனால் மாமாவைக் கூட்டி வந்தேன்.

மாமாவுக்கு இப்போது 79 வயது. கன்னங்குறிச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டுவடை செட்டு வாங்கி வைத்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒன்றும் சொல்லாமல் ஊசியை வைத்தேன். எக்காளம் எழுந்ததும் அவருடைய வலது கை மடியிலிருந்து தானாக உயர்ந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ மெல்லத் திருகின.

"இது ஸ்டேஷன் தொறக்கறப்ப போடற மியூசிக்" என்றார்.

"எந்த ஊரு மாமா?"

"ஊரு யாருக்குத் தெரியும் கண்ணு. தெரியாத ஊருதான் நெறைய கெடைக்கும்."

எஸ்டேட் குவார்ட்டர்ஸில் அவரிடம் ஒரு மர்பி ரேடியோ இருந்தது. வாசலில் நின்ற சில்வர் ஓக் மரத்துக்கும் கூரைக்கும் நடுவே செம்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டியிருந்தார். இலங்கை வானொலி, தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ், பீகிங், மாஸ்கோ என்று தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்டு முடித்த பிறகும் முள்ளை நகர்த்திக்கொண்டே இருப்பாராம். சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. அந்த மண்டலம் அசைய அசைய ஒலி ஏறும், இறங்கும், காணாமல் போய்த் திரும்பும். மலை உச்சியில், பனி மூடிய ராத்திரியில், பக்கத்து வீட்டு விளக்குகூடத் தெரியாதபோது எங்கோ ஒரு ஊரில் ஒருவர் பேசுவது கேட்கும்.

"ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு சத்தம் வரும் பாரு. அதுலயே நிறுத்தி வெச்சுட்டு உக்காந்திருப்பேன். அதுவும் எங்கிருந்தோ வர்றதுதானே."

இருபது வருஷம் நான் ஊசியைத் தூக்கித் தாண்டியது சரியாக அந்தச் சத்தங்களைத்தான். எந்தப் புத்தகமும் சொல்லாத முறையில் மாமா எனக்கு இந்த ஆல்பத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். இதைக் கேட்பதற்கான காது எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

இரண்டாம் பக்கத்தில் 'டைம் ஜோன்ஸ்' வந்தது. பல நாடுகளில் தொலைபேசியில் மணி என்ன என்று சொல்லும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வேறு வேறு மொழிகளில். பாட்டே கிடையாது. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். "எல்லாரும் மணிதான் சொல்றாங்க" என்றார். ஒரு மொழியும் அவருக்குத் தெரியாது. சொல்லும் விதத்திலேயே பிடித்துவிட்டார்.

அன்று ராத்திரிதான் என் பழைய குழப்பமும் தீர்ந்தது. 'ரேடியோ பிராக்' ஏன் கேட்டது போலவே இருந்தது? சின்ன வயதில் காலையில் ஆகாசவாணி தொடங்கும் முன் தம்புராவோடு வயலின் ஒலிக்குமே, அந்த உணர்வு. ஒரு நிலையம் கண் விழிப்பது. மெட்டில் ஒற்றுமை இல்லை, ஆனால் வேலை ஒன்றுதான். ஆகாசவாணியின் அந்த இசையை அமைத்ததாகப் பெயர் பெற்ற வால்டர் காஃப்மன், இன்றைய செக் நாட்டில் இருக்கும் கார்ல்ஸ்பாட்டில் பிறந்து, பிராக் நகரில் படித்து, 1934-ல் பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூத இசைக்கலைஞர். பிறகு பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். இதைப் படித்ததும் எழுந்து போய் அந்த ஒரு நிமிஷச் சொச்சத்தை மறுபடி போட்டேன்.

எட்டாம் படி: பக்கத்துத் தட்டுகள்

மூன்று தடவை கேட்டு முடித்த பிறகு, அதே குழுவின் முந்தைய ஆல்பத்தையும் அடுத்ததையும் ஒவ்வொரு முறை கேளுங்கள். 1984-ல் வந்த 'ஜங்க் கல்ச்சர்' மறுபடி பளபளப்பான பாப் இசை. அடி வாங்கியவர்கள் எவ்வளவு வேகமாகப் பின்வாங்கினார்கள் என்பது அதில் கேட்கிறது. எனக்கு அது வருத்தம்தான். ஆனாலும் நல்ல பாட்டுகள்.

அதே காலத்தில் நம் பக்கம் என்ன நடந்தது என்றும் தேடுங்கள். 1982-ல் பம்பாயில் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் சின்தசைசர்களையும் தாளக் கருவியையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுவெளியீடு ஆனபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 'டாசில் ஷிப்ஸ்'க்கும் அப்படித்தான்: 2008-ல் மறுவெளியீடு, 2016-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அந்தக் குழுவே மேடையேற்றியது, 2023-ல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு. எல்பி கிடைக்காதவர்கள் இந்த மறுவெளியீடுகளைக் கேட்கலாம். கூடுதல் பாட்டுகள் இருந்தால், பன்னிரண்டாவது பாட்டோடு நிறுத்திவிடுங்கள். ஆல்பம் அங்கே முடிகிறது.

ஒன்பதாம் படி: திரும்ப வைப்பது

தட்டை நிற்க வையுங்கள், படுக்கப் போட்டு அடுக்கக்கூடாது. இறுக்கித் திணிக்கவும் கூடாது. மலையில் இருப்பவர்கள் அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், சிலிக்கா ஜெல் பைகளை மாதம் ஒருமுறை காய வையுங்கள். சேலத்தில் இருப்பவர்கள் மேற்குச் சுவரைத் தவிர்க்க வேண்டும். சாயங்கால வெயில் ஏறிய சுவர் ராத்திரி வரைக்கும் சுடும்.

உறைக்குள் ஒரு சீட்டு வையுங்கள். கேட்ட தேதி, யாரோடு கேட்டீர்கள், ஒரு வரி. என் சீட்டில் ஐப்பசியிலிருந்து பதினாறு தேதிகள் சேர்ந்திருக்கின்றன. ஐந்தாவது தேதிக்கு எதிரே மாமா தன் கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில், சாய்வாக, எழுதியிருக்கிறார்: 'மணி சொல்லும் பாட்டு நன்று. இன்னொரு தடவை போடவும்.'